தரையைப் பெயர்க்கும் முன்

வாசகர் கேள்வி: கோவையில் பிரதான சாலை ஒன்றில் எட்டு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் இரண்டு மாடி வணிகக் கட்டடத்தை, பின்பக்க ஷெட்டோடு சேர்த்து நீண்ட கால வாடகைக்கு எடுக்க இருக்கிறோம். குழந்தைகளுக்கான பேச்சுப் பயிற்சி மையமும் சிறிய மழலையர் பள்ளியும் தொடங்குவது எங்கள் திட்டம். கட்டடம் 1980களில் கட்டப்பட்டது. முன்பக்கம் கடைகள் இருந்தன; பின்பக்க ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில் 'ஏதோ பட்டறை' நடந்ததாக மட்டுமே உரிமையாளரின் மகன் சொல்கிறார். ஷெட் சுவரின் அடியில் மஞ்சளாக உப்புப் பூத்திருக்கிறது. தரையைப் பெயர்த்து டைல்ஸ் பதித்து, சுவரைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தால் புதுக் கட்டடம் போல ஆகிவிடும் என்கிறார் கொத்தனார். இத்தனை வருடம் சும்மா கிடந்த இடத்துக்குச் சுற்றுச்சூழல் பரிசோதனை தேவையா?

பதில்:

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியில்தான் என் கண் நின்றது. சுவரின் அடியில் மஞ்சளாக உப்புப் பூத்திருக்கிறது என்கிறீர்கள். ஈரம் ஏறும் பழைய செங்கல் சுவர்களில் உப்புப் பூப்பது புதிதல்ல. ஆனால் அது பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும். எலுமிச்சை மஞ்சளாகவோ பச்சை கலந்த மஞ்சளாகவோ பூத்திருந்தால், அந்த ஷெட்டில் ஒரு காலத்தில் குரோம் பிளேட்டிங், அதாவது மின்முலாம் பூசும் வேலை நடந்திருக்கலாம் என்று சந்தேகிப்பேன். என் சந்தேகம் தவறாகவும் இருக்கலாம். அது துருவின் கறையாகவோ பழைய வண்ணப்பூச்சு கரைந்ததாகவோ இருக்கலாம். ஆனாலும் பம்பும் மோட்டாரும் கிரைண்டரும் நெசவு இயந்திர உதிரிகளும் தயாரித்து வளர்ந்த ஒரு நகரத்தில், கடைத் தெருவின் பின்கட்டில் ஒரு பிளேட்டிங் பட்டறை இருந்தது என்றால் அதில் வியப்பதற்கு எதுவும் இல்லை.

ஆகவே பரிசோதனை தேவையா என்றால், கட்டாயம் தேவை என்பதே என் பதில். ஆனால் மண்ணையும் தண்ணீரையும் ஆய்வகத்துக்கு அனுப்புவது அதன் கடைசிப் பகுதி. அந்தக் கட்டடத்தில் யார், எந்த ஆண்டுகளில், என்ன தொழில் செய்தார்கள் என்று கண்டறிவதே முதற்பகுதி. எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் கொடுக்கும் மண் மாதிரி, எந்த நோய் என்று சொல்லாமல் கொடுக்கும் இரத்த மாதிரியைப் போன்றது. ஆய்வகம் தனக்குப் பழகிய நாலைந்து அளவீடுகளைச் செய்து 'இயல்பு' என்று எழுதி அனுப்பிவிடும். கட்டடத்தின் பழைய கதை தெரியும் வரை கொத்தனாரைச் சுத்தியலை எடுக்க விடாதீர்கள்.

எட்டு ஆண்டுகள் சும்மா கிடந்ததால் எல்லாம் போயிருக்கும் என்ற நம்பிக்கையைப் பலரிடமும் பார்க்கிறேன். குரோமியம், ஈயம், நிக்கல், பாதரசம் எல்லாம் தனிமங்கள். அவை மக்கிப் போவதில்லை. பூட்டிய கட்டடத்தில் மழை படாததால், தரைக்கடியில் இருப்பவை அங்கேயே தங்குவதும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஃபிராங்க்ளின் என்ற ஊரில் நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உங்கள் திட்டத்துக்கு மிக நெருக்கமானது. அங்கே தெர்மாமீட்டர் தயாரித்த ஒரு தொழிற்கூடம் 1994இல் மூடப்பட்டது. பல ஆண்டுகள் காலியாகக் கிடந்த அந்தக் கட்டடத்தைச் சீரமைத்து, 2004இல் கிடி காலேஜ் (Kiddie Kollege) என்ற பெயரில் குழந்தைகள் காப்பகம் தொடங்கினார்கள். புதுச் சுவர், புதுத் தரை, புது வண்ணம் எல்லாம் இருந்தன. தரைக்குள்ளும் சுவருக்குள்ளும் ஊறியிருந்த பாதரசம் ஆவியாகி அறைகளில் நிறைந்திருந்தது 2006 ஜூலையில்தான் வெளிப்பட்டது. பரிசோதிக்கப்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பாதரச அளவு இயல்பைத் தாண்டியிருந்தது. காப்பகம் மூடப்பட்டது, பின்னர் கட்டடமே இடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, இத்தகைய கட்டடங்களில் குழந்தைகள் காப்பகம் நடத்துவதற்கு முன் சுற்றுச்சூழல் மதிப்பீட்டைக் கட்டாயமாக்கி அந்த மாநிலம் சட்டம் இயற்றியது.

நம் நாட்டில், நீங்கள் வாடகைக்கு எடுக்கும் கட்டடத்தின் பழைய கதையைத் தேடிப் பார்க்கும்படி எந்த அலுவலகமும் உங்களைக் கேட்கப் போவதில்லை. மாசடைந்த இடங்களைக் கண்டறிந்து சீர்செய்வதற்கான விதிகளை மத்திய அரசு 2025 ஜூலையில்தான் அறிவித்தது. யாரும் கேட்காததாலேயே இந்தத் தேடலை நீங்களே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஆவணங்களில் தொடங்குங்கள். வில்லங்கச் சான்றை எல்லோரும் எடுப்பார்கள்; அது உரிமையைப் பற்றிச் சொல்லும், தொழிலைப் பற்றிச் சொல்லாது. பதினொரு மாத வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பதிவுக்கே போவதில்லை என்பதால், உங்கள் ஷெட்டில் இருந்த பட்டறை வில்லங்கச் சான்றில் தடமே இல்லாமல் போயிருக்கக்கூடும். ஆனால் மின்சார வாரியம் அதை மறந்திருக்காது. அந்த இடத்தில் எத்தனை மின் இணைப்புகள் இருந்தன, ஒவ்வொன்றும் எந்தக் கட்டண வகையில் இருந்தது, எவ்வளவு மின்பளு அனுமதிக்கப்பட்டிருந்தது என்று உரிமையாளர் மூலம் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள். தாழ்வழுத்த இணைப்புகளில் கடைகளுக்கு ஐந்தாம் வகை, தொழிற்கூடங்களுக்கு மூன்று-பி. பின்கட்டு ஷெட்டுக்குத் தனியாக மூன்று-பி வகையில் மும்முனை இணைப்பும், சிறு பட்டறைக்குப் பொருந்தாத பெரிய மின்பளுவும் இருந்திருந்தால், அங்கே முலாம் தொட்டிகளுக்கு நேர்மின்சாரம் தரும் ரெக்டிஃபையர்கள் ஓடியிருக்கலாம் என்று ஊகிக்க இடம் உண்டு. எந்த ஆண்டு அந்த இணைப்பு துண்டிக்கப்பட்டது என்பதிலிருந்து பட்டறை மூடப்பட்ட காலமும் தெரிந்துவிடும்.

அடுத்தது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் ஆகியவற்றின்கீழ் பட்டறைகள் வாரியத்தின் இசைவாணையைப் பெற வேண்டும். மின்முலாம் பூசும் தொழில் மிக அதிக மாசு தரும் சிவப்பு வகையில் வருவது. அந்த முகவரிக்கு எப்போதாவது இசைவாணை வழங்கப்பட்டதா, மூட ஆணை பிறப்பிக்கப்பட்டதா, புகார்கள் வந்தனவா என்று மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். கதவு எண் பலமுறை மாறியிருக்கும் என்பதால், பழைய எண், புதிய எண், நில அளவை எண் மூன்றையும் குறிப்பிடுங்கள். இதே கேள்வியை மாநகராட்சியின் தொழில் உரிமப் பிரிவுக்கும் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கும் அனுப்பலாம். பதில் 'பதிவேதும் இல்லை' என்று வந்தால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். உரிமம் பெறாமல் நடந்த பட்டறைதான் கழிவைத் தரையில் விட்டிருக்க அதிக வாய்ப்பு உள்ளது. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களையும் பாருங்கள். ஷெட்டின் பின்னால் பீப்பாய்கள் அடுக்கியிருந்த இடமோ, இப்போது மூடப்பட்டுவிட்ட ஒரு தொட்டியோ அதில் தெரிந்தால், பின்னால் மண்ணெடுக்க வேண்டிய இடம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று பொருள்.

ஆவணத்தைவிட மனிதர்கள் அதிகம் சொல்வார்கள். இந்தத் தொழிலில் எனக்கு மிக உதவியவர்கள் எதிர்த் தேநீர்க் கடைக்காரர்களும் பழைய தொழிலாளர்களும்தான். ஒருமுறை, எல்லாக் காகிதமும் சுத்தமாக இருந்த ஓர் இடத்தில், அங்கே இருபது வருடம் வேலை பார்த்த ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்து, கழுவின தண்ணியை எங்கேங்கய்யா விடுவீங்க என்று கேட்டேன். அவர் பேசாமல் எழுந்து வந்து, சிமென்ட் பூசி மூடியிருந்த ஒரு மூலையைக் காலால் தட்டிக் காட்டினார். அதற்கடியில் அடிப்பூச்சே இல்லாத ஒரு குழி இருந்தது. நீங்களும் அதே கேள்வியைக் கேளுங்கள். என்ன தயாரித்தீர்கள் என்று கேட்டால் பெருமையாகப் பதில் வரும். கழிவு எங்கே போனது என்று கேட்டால்தான் உங்களுக்கு வேண்டிய பதில் வரும். அக்கம்பக்கத்தில் திறந்த கிணறு வைத்திருப்பவர்களிடம், எந்த வருடம் தண்ணீரின் நிறமோ வாடையோ மாறியது, அதைக் குடிப்பதை எப்போது நிறுத்தினார்கள் என்றும் கேளுங்கள்.

அந்தக் குழி விஷயத்தை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மேடிசன் ஹைட்ஸ் நகரின் வழியே செல்லும் நெடுஞ்சாலையின் சுவரிலிருந்து பசுமஞ்சள் நிறத் திரவம் வழிந்து சாலையோரம் தேங்கியது. தேடிப் பார்த்தபோது, 2016இல் அதிகாரிகள் மூடிய ஒரு மின்முலாம் பட்டறையின் அடித்தளத்தில் தோண்டியிருந்த குழியிலிருந்து, ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் மண்ணுக்குள் இறங்கி வந்திருந்தது தெரிந்தது. பட்டறை மூடி மூன்றாண்டுக்குப் பிறகும் அது நகர்ந்துகொண்டேயிருந்தது. குரோமியத்தின் இந்த வடிவம் தண்ணீரில் எளிதில் கரையும். தூளாகவோ திவலையாகவோ மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதிப்பட்டது. கொத்தனார் அந்தச் சுவரைச் சுரண்டினால், முதலில் அதை மூச்சில் இழுப்பவர் அவரும் அவரோடு வரும் சித்தாளும்தான்.

கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கும்போது எதையும் உடைக்காமல், பகல் வெளிச்சத்தில், கதவு சன்னல்களைத் திறந்து அரை மணி நேரம் கழித்து உள்ளே போங்கள். அமிலம் தின்று சல்லி தெரியும் தரை, ஷெட்டில் மட்டும் துருவேறிப் பொரிந்த கம்பிகள், சுவரோரமாக ஓடி எங்கோ முடிந்துபோகும் ஓடை, தரையில் நிறம் மாறிய செவ்வகங்கள் எல்லாவற்றையும் படம் எடுத்து ஒரு வரைபடத்தில் குறியுங்கள். அந்தச் செவ்வகங்கள் தொட்டிகள் நின்ற இடமாக இருக்கலாம். பழைய டீசல் ஜெனரேட்டர் நின்ற மேடையும் நிலத்தடி எண்ணெய்த் தொட்டியின் காற்றுக்குழாயும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மூடிய குழிக்குள்ளோ சம்ப்புக்குள்ளோ யாரும் இறங்கவே கூடாது; இறங்கிப் பார்க்கச் சொல்லிக் கூலி கொடுப்பதும் கூடாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தரையைச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது ஆசிட் ஊற்றிக் கழுவ முன்வந்தால் தடுத்துவிடுங்கள். செம்பு, துத்தநாக முலாம் தொட்டிகளில் சயனைடு உப்புகளைப் பயன்படுத்துவது நெடுங்கால வழக்கம். அந்த உப்பு மீந்து கிடக்கும் ஒரு மூலையில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயு எழும். மூடிய அறையில் அது சில நிமிடங்களில் உயிரைக் குடிக்கும். பெயர் அழிந்த கேன்கள், டப்பாக்கள், மூலையில் குவிந்த தூள் எதையும் நகர்த்தாதீர்கள், பழைய இரும்புக் கடைக்கும் போடாதீர்கள். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு 2001இல் வெளிச்சத்துக்கு வந்தது ஊருக்குள் ஒரு பழைய பொருள் கடையில்தான். பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி அங்கே குவிந்து கிடந்தது. உங்கள் கட்டடத்திலிருந்து ஆபத்து வெளியேறினால் அது இன்னொருவர் வீட்டு வாசலுக்குத்தான் போகும்.

இவ்வளவும் முடிந்த பிறகு, சுற்றுச்சூழல் பொறியாளர் ஒருவரை அமர்த்தி மாதிரி எடுங்கள். தொட்டிகள் நின்ற இடம், ஓடை முடியும் இடம், குழியின் ஓரம், மஞ்சள் பூத்த சுவரின் அடி ஆகிய இடங்களில் தரையைத் துளைத்து, அரை மீட்டர், ஒரு மீட்டர், பாறை தட்டாவிட்டால் இரண்டு மீட்டர் ஆழங்களில் தனித்தனியாக மண் எடுக்க வேண்டும். நாலு இடத்து மண்ணைக் கலந்து ஒரே மாதிரியாகக் கொடுப்பது செலவைக் குறைக்கும், ஆனால் மாசையும் நீர்த்துக் காட்டும், அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். மொத்தக் குரோமியம் மட்டும் பார்த்தால் போதாது. குரோமியம் மண்ணிலும் பாறையிலும் இயற்கையாகவே உண்டு என்பதால், ஆறு இணைதிறன் குரோமியத்தைத் தனியே அளக்கச் சொல்லுங்கள். ஒப்பிடுவதற்காகப் பட்டறையின் நிழலே படாத ஓரிடத்திலிருந்தும் அதே வகை மண்ணை எடுங்கள். நிக்கல், துத்தநாகம், காட்மியம், ஈயம், சயனைடு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆய்வகம் என்ஏபிஎல் (ஆய்வகங்களின் தரத்தைச் சான்றளிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்றதாக இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் கேட்கும் அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு அங்கீகாரம் உள்ளதா என்று பாருங்கள்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை உப்புத் தண்ணீர்தானே, புழக்கத்துக்குத்தானே என்று விட்டுவிட வேண்டாம். குழந்தைகள் அதில் கை கழுவுவார்கள், வாய் கொப்பளிப்பார்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராம், சயனைடு 0.05, நிக்கல் 0.02, ஈயம் 0.01 என்று எல்லை வகுத்திருக்கிறது. கோவையின் நிலத்தடியில் தண்ணீர் பாறைப் பிளவுகள் வழியாக நகர்வதால், ஒரு கிணறு சுத்தமாக இருந்து அடுத்த கிணறு கெட்டிருப்பது சாத்தியம். கோடையில் ஒருமுறையும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒருமுறையும் பார்ப்பதே முறை.

பலரும் விட்டுவிடுவது காற்றை. முலாம் பூசுவதற்கு முன் உலோகத்தின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்க டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்களைப் பயன்படுத்துவார்கள். இது தண்ணீரைவிடக் கனமானது. தரை வெடிப்பு வழியே இறங்கி, மண்ணில் தங்கி, ஆண்டுக்கணக்கில் ஆவியாக மேலே வரும். புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதிசெய்யப்பட்ட பொருள் இது. பேச்சுப் பயிற்சி அறைகளைச் சத்தம் வராமல் மூடி ஏசி போட்டு வைப்பீர்கள். அப்படிப்பட்ட அறைகளில்தான் ஆவி தேங்கும். ஆகவே கட்டடத்தை ஒரு நாள் முழுக்க மூடி வைத்துவிட்டு அறைக்காற்றையும், தரைக்குக் கீழிருக்கும் காற்றையும் அளக்கச் சொல்லுங்கள். சன்னலைத் திறந்து வைத்து அளந்தால் முடிவு நன்றாகத்தான் வரும், அதில் பயன் இல்லை.

முன்பக்கக் கட்டடத்தில் எனக்குக் கவலை தருவது பழைய பெயின்ட். வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. அதற்கு முந்தைய எனாமல் பூச்சுகளில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் மிகுதியாக இருந்திருக்கிறது. கிரில், கதவு, சன்னல் சட்டங்களை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் கட்டடம் முழுக்கப் படியும். தவழ்ந்து, தரையில் தொட்ட கையை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. அது பாதிப்பது மூளை வளர்ச்சியை. பேச்சு தாமதமான பிள்ளைகள் வரப்போகும் இடம் இது என்பதை நினைத்துப் பாருங்கள். பூச்சுச் செதில்களைச் சோதித்து, ஈயம் இருந்தால் கதவையும் கிரில்லையும் முழுதாகக் கழற்றி மாற்றிவிடுங்கள், அல்லது ஈரமாக்கி எடுக்கச் சொல்லுங்கள்.

ஷெட்டின் கூரை ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் என்றால், உடையாத வரை அதிலிருந்து இழைகள் அதிகம் வெளிவருவதில்லை. உடைக்கும்போதும் அறுக்கும்போதும் துளையிடும்போதும்தான் அவை காற்றில் கலக்கும். நோய் தெரிய இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். கழற்றுவதென்றால் ஷீட்டை நன்றாக நனைத்து, கொக்கி ஆணிகளை அவிழ்த்து, முழு ஷீட்டாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி, வாரியம் அனுமதித்த அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்ப வேண்டும். துணி முகக்கவசம் இதற்குப் பயன்படாது. பி-100 அல்லது எஃப்எஃப்பி-3 தரத்தில், நுண்தூளை வடிகட்டும் முகக்கவசத்தை வேலையாட்கள் ஒவ்வொருவருக்கும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். பூட்டிய கட்டடத்தின் மாடியில் புறா எச்சம் குவிந்திருக்கும். அதையும் நனைக்காமல் பெருக்கக் கூடாது.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, முடிவுகள் வரும் வரை கையெழுத்திடாதீர்கள். முன்பணம் கொடுத்தாக வேண்டிய நிலை என்றால், பரிசோதனையில் மாசு தெரிந்தால் முழுத் தொகையும் திரும்பும் என்று எழுதி வாங்குங்கள். பழைய மாசுக்கான பொறுப்பு உங்களைச் சேராது என்ற வரியும், வேலைக்கு முந்தைய நிலையைக் காட்டும் ஆய்வறிக்கையும் ஒப்பந்தத்தின் இணைப்பாக இருக்கட்டும். மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996இல் நம் வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகள் குறித்த வழக்கில் உறுதிப்படுத்தியது. ஆனால் பட்டறைக்காரர் போய்ப் பல ஆண்டு ஆன இடத்தில், பெற்றோர் வந்து கேட்கப்போவது பெயர்ப்பலகையில் இருக்கும் உங்களைத்தான்.

முடிவுகள் எப்படி வந்தாலும், அங்கே முலாம் பட்டறை இருந்தது உறுதியானால், அந்த ஷெட்டைக் குழந்தைகளுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. முன்பக்கம் மண்ணும் காற்றும் தண்ணீரும் தெளிவாக இருந்தால் அதை மட்டும், தனி நுழைவாயிலோடும் மாநகராட்சிக் குடிநீரோடும், எடுத்துக்கொள்ளலாம். முன்பக்க அறைகளின் காற்றிலேயே கரைப்பான் தென்பட்டால் வேறு இடம் தேடுங்கள். இழக்கும் சில மாதங்களைப் பிறகு ஈடுகட்டிக்கொள்ளலாம்.

அப்படி நீங்கள் விலகிப் போக நேர்ந்தால், அறிக்கையை மடித்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள். கிணற்றில் குரோமியம் இருந்தால், சுற்றியுள்ள வீடுகளின் கிணறுகளையும் பரிசோதிக்கும்படி மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு நகலோடு எழுதுங்கள். அன்றைக்கே, பக்கத்து வீடுகளுக்கு நேரில் போய், அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.